சங்கு ஏறி இறங்கிய சாயங்காலம்

தொழிற்சாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று நிவேதா போன் செய்தபோது நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். எதைப் பற்றி எழுத என்று கேட்டேன்.

"சங்கைப் பத்தி எழுதுங்க மேடம். அதைக் கழட்டிடலாமான்னு பேச்சு நடக்குது. ஆபத்துன்னா இப்ப எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுதே, அது போதும்ங்கறாங்க."

அலறட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு தடவை அப்படிச் சோதனைக்காக அலறியபோது நான் ஆலயத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போதகர் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அத்தனை போன்களும் சேர்ந்து கத்தின. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவசர அவசரமாக வெளியே எடுத்து, வாயை அடைத்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடப் படிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் சம்மதம் சொல்ல மறந்து முழித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் எழுப்புவது சுலபமான வேலை. சத்தத்தைக் கேட்டவர் அடுத்ததாகக் காலை எந்தப் பக்கம் எடுத்து வைப்பார் என்பதுதான் கஷ்டம். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு இது புரியாது. நல்ல பையன், என் மகளைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறான், ஆனால் டிவியில் போர்ச் செய்தி வந்தால் அவனுக்கு மீசை துடிக்க ஆரம்பித்துவிடும். "நம்ம மேல திடீர்னு ஒருத்தன் அடிச்சான்னா நாம என்ன பண்ணுவோம் தெரியுமா அத்தை?" என்று ஆரம்பித்து எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லிக்கொண்டே போவான்.

"அது போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க எங்க இருப்பீங்க மாப்பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்கதான்."

"இங்கன்னா? இந்த சோபாவுலயா?"

அவன் சோபாவைக் குனிந்து பார்த்தான். பிறகு சேனலை மாற்றிவிட்டான். நிவேதாவுக்காக எழுத உட்கார்ந்தாலும், இதை அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் எங்கள் தொழிற்சாலை. பேர் வேண்டாம். ராணுவ வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம் என்று தெரிந்தால் போதும். அப்பா அங்கே ஃபிட்டர். நான் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆளுக்கொரு போன் வந்ததும் எங்கள் இணைப்புப் பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதலுதவி, தீயணைப்பு, குடிமைப் பாதுகாப்பு என்று வரிசையாகப் பயிற்சி. மணல் வாளி தூக்கினேன், ரப்பர் பொம்மைக்கு மூச்சு கொடுத்தேன், கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போட்டேன். அப்படியே சில வருடங்கள் ஓடிவிட்டன. அப்புறம்தான் பரமசிவம் சார் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார்.

ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து ஜெனரல் மேனேஜர் வரை எல்லோருக்கும் 'நீங்க'தான். அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் ஒரு சொல்: "அப்புறம்?" யாராவது திட்டத்தோடு போனால் முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும், "சரி, அப்புறம்?" என்பார். தீப்பிடித்தால் கதவைத் திறக்கிறோம் சார். அப்புறம்? எல்லாரும் வெளியே வருகிறார்கள். அப்புறம்? மைதானத்தில் நிற்கிறார்கள். அப்புறம்? யார் வரவில்லை என்று எண்ணுகிறோம். "எண்ணுறவர் உள்ள மாட்டிக்கிட்டா?" என்று மெதுவாகக் கேட்பார். திட்டம் அங்கே பொத்தல் விழும். ஆரம்பத்தில் இந்த மனிதர்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. போகப்போக, வீட்டில் சமைக்கும்போதுகூட அப்புறம் அப்புறம் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

கட்டுப்பாட்டு அறையின் வேலை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு நேரடித் தொலைபேசி, அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வருவது. கேமராப் படங்கள் ஓடும் திரைகள். சங்கின் விசை. தொலைபேசியில் நிறம் சொல்வார்கள். மஞ்சள் என்றால் ஏதோ வருகிறது, தயாராக இரு, வெளியே சொல்லிப் பீதி கிளப்பாதே. சிவப்பு என்றால் வந்துவிட்டது, சங்கை ஏறி இறங்க ஊது. பச்சை என்றால் ஆபத்து நீங்கியது, ஒரே சீராக ஊது. வெள்ளை என்றால் எல்லாம் ரத்து, அவரவர் வேலையைப் பார்க்கலாம். எந்த நிறம் வந்தாலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சொன்னவர் பெயரைக் கேட்டு, போனை வைத்துவிட்டு நாமே மறுபடி கூப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிவப்புக்கு மட்டும் பரமசிவம் சார் இதை மாற்றி வைத்திருந்தார். முதலில் சங்கு, பிறகு உறுதி.

"தப்பான தகவலா இருந்தா சார்?" என்று கேட்டேன்.

"திட்டுவாங்க. வாங்கிக்குவோம் ரூபிம்மா. ஆள் உசிரோட இருந்தாத்தானே திட்ட முடியும்" என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, எல்லையில் சண்டை மூளும் போலிருந்தது. எங்களைப் போன்ற இடங்களில் ஒத்திகை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இந்த வாரத்தில் ஏதோ ஒருநாள் ஒத்திகை என்று மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். நாளும் நேரமும் போடலாமா என்று கேட்டதற்கு, "அடிக்கிறவன் நேரம் சொல்லிட்டா வருவான்?" என்றார் சார்.

ஒருநாள் மத்தியான ஷிப்ட் விடக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சங்கை ஏறி இறங்க ஊதினேன். தொழிலாளிகள் அவரவர் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போக வேண்டும், வெளியே இருப்பவர்கள் பக்கத்தில் உள்ள நல்ல கட்டடத்துக்குள் போக வேண்டும். இதுதான் எதிர்பார்ப்பு. திரையைப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். வெளியே ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டின. கேட்டுக்குப் பக்கத்தில் வடைக்கடை போட்டிருக்கும் மல்லிகா மாவை எடுத்து எண்ணெயில் போட ஆரம்பித்தாள். ஆபத்துச் சங்கு ஊதியதும் ஊரே திரண்டு வந்து ஒரே இடத்தில் நின்றது.

காரணம் எங்கள் ஊருக்கே உரியது. எங்கள் சங்கு மிகப் பழையது. மின் அழுத்தம் குறைந்த நாட்களில் ஷிப்ட் சங்கே முக்கி முனகி, ஏறி இறங்கித்தான் ஊதும். அதைக் கேட்டுத்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் உலை வைத்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு விட்டார்கள், மாத்திரை போட்டுக்கொண்டார்கள். ஏறி இறங்கினால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"கரண்டு கம்மியா கீதுன்னு நெனச்சேன்க்கா. இன்னிக்கு சீக்கிரம் உட்டுட்டாங்க போலன்னு வடைய போட்டுட்டேன்" என்றாள் மல்லிகா, பிறகு.

சாலைக்கு எதிர்ப்புறம் உயரமான அடுக்ககம் ஒன்று. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள். அவர்களுக்குச் சங்கு என்றால் எந்த அர்த்தமும் இல்லை. பால்கனியில் வரிசையாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அதிகம் தெரிந்தவர்கள், அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாதவர்கள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். இது ஒத்திகை, கூட்டமாக நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள் என்று கத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் தள்ளுமுள்ளு. உள்ளே இருந்து வந்தவர்கள் உள்ளே ஓடினார்கள், ஆட்டோக்கள் பறந்தன. கேட் வெறிச்சோடியபோது அங்கே இரண்டு பேர் மிச்சம். மல்லிகாவும் அவள் புருஷன் ஏழுமலையும்.

ஏழுமலைக்குச் சின்ன வயதில் போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே முறுக்கும் கடலை மிட்டாயும் விற்பார். இரண்டு பேரும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தினமும் வருவார்கள். முன்னால் அவர் வண்டி போகும், பின்னால் இவள் அதைத் தள்ளிக்கொண்டு வருவாள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தெரியும். ஷிப்ட் விடுகிற நேரத்தில் அவர்கள் அங்கே இல்லாத நாளே இருந்ததில்லை.

"இன்னாக்கா, எல்லாத்தையும் போ போங்கற, நாங்க எங்க போறது?" என்று கேட்டார் ஏழுமலை. கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நான் சொல்லிட்டேன் இவளாண்ட. நெசமா குண்டு உழுந்தா நீ ஓடிடுன்னு. கேக்க மாட்டேங்குது."

"வாய மூடு. உட்டுட்டு எங்க ஓடறது, உங்க அத்த ஊட்டுக்கா?" என்றாள் மல்லிகா.

அடுத்த நாள் கூட்டத்தில் எல்லோரும் அறிக்கை படித்தார்கள். நான் இந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னேன். கூட்டத்தைக் கலைக்கிறோம் என்று ஒரு அதிகாரி சொன்னபோது, பரமசிவம் சார் வழக்கம்போல, "சரி, கலைஞ்சிட்டாங்க. அப்புறம்? ஓட முடியாதவர் அங்கேயே இருக்கார். அவருக்கு என்ன?" என்று கேட்டார். தொழிற்சாலைக்குள் வெளியாட்களை விட முடியாது, அது பாதுகாப்பு விதி. ஏழுமலைக்கு ஒரு வழி கண்டுபிடித்தால் இந்த ஊருக்கே கண்டுபிடித்த மாதிரி என்று சார் அன்றைக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஷிப்ட் சங்கை நிறுத்தினோம். இனி சங்கு ஊதினால் ஆபத்து அல்லது ஆபத்து நீங்கியது, வேறு எதற்கும் கிடையாது. ஊரே எங்களைத் திட்டியது. தொழிற்சங்கம் துண்டுப் பிரசுரம் அடித்தது. டீக்கடைக்காரர் பால் பொங்கி வழிந்ததற்குக்கூட என்னைத்தான் காரணம் சொன்னார். எங்கள் சபையில் ஒரு பெரியவர் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வழியை மறித்து, "ரூபி, நான் இப்ப எதைக் கேட்டு இன்சுலின் போட்டுக்கறது?" என்று கேட்டார். அவருக்கு என் செலவில் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் காது பழகிவிட்டது. அந்த மௌனம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அடுத்தது, ஏழுமலை எங்கே போவார் என்பது. கேட்டில் நின்று நாலாபுறமும் பார்த்தேன். ஓட்டுக் கட்டடங்கள், தகரக் கொட்டகைகள். கெட்டியான கட்டடம் என்றால் எதிரே இருந்த அடுக்ககம் ஒன்றுதான். அதற்குத் தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடம் இருந்தது. கார் இறங்குவதற்காகச் சரிவாகப் பாதை போட்டிருந்தார்கள். படி இல்லை. கார் இறங்கும் இடத்தில் மூன்று சக்கர வண்டி இறங்காதா? சாலை நடுவில் இருந்த தடுப்புச் சுவரிலும், கேட்டுக்கு நேர் எதிரே வண்டிகள் திரும்புவதற்கு ஒரு இடைவெளி இருந்தது. நடுத்தெருவில் நின்று, "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த அடுக்ககத்தின் வாசல் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். வடைக்கடை புகை வீட்டுக்குள் வருகிறது என்று மல்லிகாமேல் புகார் கொடுத்தவர்களும் அவர்கள்தான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் செந்தில்குமார் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர். மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"நான் வேண்டாம்னு சொல்லலைங்க மேடம். ஆனா யாரு எவருன்னு தெரியாம இத்தன பேரை உள்ள விட்டுட்டு, ஒரு காருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குத்தானுங்க கேள்வி வரும்."

"யாரு எவருன்னு தெரியலையா? நாலு வருஷமா தினம் பாக்கறீங்களே."

"பாக்கறமுங்க. பேசுனதில்லையே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது.

நான் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகாவையும் ஏழுமலையையும் அழைத்துக்கொண்டு அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். குடியிருப்பவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். சங்கு எப்படி ஊதினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் வாயாலேயே ஊதிக் காட்டினேன், குழந்தைகள் எனக்கு மேல் ஊதின. பரமசிவம் சார் ஓரமாக நின்று, "இறங்கிட்டாங்க. அப்புறம்?" என்று கேட்டபோது, செந்தில்குமார் தானாகவே பதில் சொன்னார்: "தண்ணி வெக்கணுங்க. டாய்லெட் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கணும். கேட்டைப் பூட்டக் கூடாதுங்க, சும்மா சாத்தி வெப்போம்." கடைசியாக நாங்கள் வகுத்திருந்த விதியைப் படித்தேன்: கீழே இறங்கியவர் யாராயிருந்தாலும், சங்கு ஒரே சீராக ஊதும் வரை மேலே வரக் கூடாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மல்லிகா போகும்போது செந்தில்குமாரின் மனைவியிடம், "உங்க ஊட்டு ஜன்னலாண்ட பொக வராத மாரி அடுப்ப திருப்பி வெச்சிக்கிறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குச் சில வாரங்களில் அந்த நாள் வந்தது. எல்லையில் நிஜமாகவே சண்டை மூண்டிருந்தது. சாயங்காலம், ஷிப்ட் விட்டுக் கூட்டம் கேட்டுக்கு வெளியே வந்திருந்த நேரம். நேரடித் தொலைபேசி அடித்தது. மஞ்சள் என்றார்கள். திருப்பிச் சொன்னேன். பெயர் கேட்டேன். போனை வைத்து மறுபடி கூப்பிட எண்ணை அழுத்தும் முன்பே மறுபடி அடித்தது. சிவப்பு. ஒத்திகை அல்ல என்று அந்தக் குரல் இரண்டு முறை சொன்னது.

விசையை அழுத்தினேன். சங்கு ஏறியது, இறங்கியது. என் மகள் அப்போது வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன் செய்யத் துடித்த கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

திரையில் கேட் தெரிந்தது. கூட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு நான் இன்றைக்கும் நினைத்துச் சிலிர்க்கிற காட்சி. பாதிப் பேர் திரும்பித் தொழிற்சாலைக்குள் போனார்கள், மீதிப் பேர் சாலையைக் கடந்தார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார்கள். அடுக்ககத்தின் வாசல் அகலத் திறந்திருந்தது. பால்கனிகளில் ஒருவர்கூட இல்லை. இப்படி ஒரு ஒழுங்கை நான் எங்கள் ஆலயத்திலும் பார்த்ததில்லை, ரேஷன் கடையிலும் பார்த்ததில்லை.

சென்னீர்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பேருந்து மட்டும் கணக்கைக் கெடுத்தது. ஓட்டுநர்மேல் தப்பில்லை. சங்கு கேட்டதும் வண்டியை நிறுத்தி ஆட்களை இறக்கு என்று அவருக்குச் சொல்லியிருந்தது, அப்படியே செய்தார். அவர் நிறுத்திய இடம் தடுப்புச் சுவரின் இடைவெளி. நடந்து போகிறவர்கள் சுவரை ஏறித் தாண்டினார்கள். மூன்று சக்கர வண்டி போக வழியில்லை. ஏழுமலை பேருந்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மல்லிகா வண்டியை முன்னால் தள்ளிப் பார்த்தாள், பின்னால் இழுத்துப் பார்த்தாள். அவரைத் தூக்கப் பார்த்தாள். அவர் கையை வீசி அவளைப் போகச் சொல்வது தெரிந்தது. அவள் அப்படியே அவர்மேல் கவிழ்ந்து, தன் உடம்பால் அவரை மூடிக்கொண்டாள்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"உக்காருங்க ரூபிம்மா" என்றார் பரமசிவம் சார். பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நீங்க எழுந்தா அந்தப் போனை எடுக்க ஆள் இல்ல."

"சார், அங்க பாருங்க சார்."

"பாக்கறேன். உக்காருங்க." அவர் குரலும் சரியாக இல்லை.

அந்த நேரம் பார்த்து, உறுதி செய்ய நான் கூப்பிடும் முன்பே தொலைபேசி அடித்தது. முந்தைய சிவப்பை உறுதி செய்தார்கள், நான் திருப்பிச் சொன்னேன், பெயரை வாங்கினேன். வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் சாலையில் பேருந்து நின்றது, பக்கத்தில் மூன்று சக்கர வண்டி நின்றது. வண்டி காலி. மல்லிகாவும் இல்லை, ஏழுமலையும் இல்லை. கடலை மிட்டாய் டப்பா கவிழ்ந்து கிடந்தது.

பச்சை வரும் வரை நான் என்னென்ன ஜெபம் பண்ணினேன் என்று எனக்கே தெரியாது. வானத்தில் வந்தது எதிரியுடையது இல்லை என்று பிறகு சொன்னார்கள், அதற்கு மேல் எங்களுக்குச் சொல்லவில்லை. சங்கை ஒரே சீராக ஊதிவிட்டு, நாற்காலியை அடுத்த ஷிப்டுக்கு வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வயதில் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாகச் சாலையைக் கடந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஏழுமலை ஒரு காரின் முன்பக்கத்தில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். யாரோ தலையணை வைத்திருந்தார்கள். மல்லிகா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

"யாரு தூக்கினு வந்தாங்கன்னே தெரியலக்கா. கண்ண தொறந்தா ஆளுங்க. தூக்கினாங்க, ஓடியாந்தாங்க. அவ்ளோதான்."

மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தோம். நான் போன் பக்கம் திரும்பியிருந்த அந்த ஓரிரு நிமிடங்கள். அடுக்ககத்தின் சரிவிலிருந்து ஆட்கள் மேலே ஓடி வருகிறார்கள். சங்கு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தவர்கள், வானத்தில் என்ன வருகிறது என்று தெரியாமல் திரும்ப வெளியே வருகிறார்கள். ஆறு பேர். செந்தில்குமார் முன்னால், வாட்ச்மேன், எங்கள் தொழிலாளிகள் இருவர், ஒரு ஆட்டோக்காரர், கடைசியாகப் பேருந்திலிருந்து இறங்கிய யாரோ ஒரு பெண், தோளில் பையோடு. அவள் யாரென்று இன்றுவரை தெரியாது. பேருந்தைச் சுற்றி வந்து, மல்லிகாவை விலக்கி, ஏழுமலையை நான்கு பேராகத் தூக்கிச் சுவரைத் தாண்டுகிறார்கள்.

கூட்டத்தில் ஒரு அதிகாரி, விதி மீறப்பட்டது என்று அறிக்கையில் குறிக்க வேண்டும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை எடுத்து அவர்மேல் போட்டிருப்பேன். பரமசிவம் சார் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீறினது நிஜம். இவங்க மீறலைன்னா ரெண்டு பேர் வெளிய இருந்திருப்பாங்க. அப்போ மாத்த வேண்டியது இவங்களை இல்ல, விதியை. எழுதுங்க ரூபிம்மா."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இறங்குகிறவர்களில் உடம்பில் வலு உள்ள ஆறு பேர் சரிவின் வாயில் நிற்க வேண்டும். சாலையில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தூக்கி வர வேண்டும். அதன் பிறகுதான் அவர்கள் இறங்க வேண்டும். தடுப்புச் சுவர் இடைவெளியில் எந்த வண்டியும் நிற்காதபடி மஞ்சள் கோடு போடவும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கார் நிறுத்துமிடத்தில் எல்லோரையும் கூட்டினோம். அடுக்ககத்துக்காரர்கள், தொழிலாளிகள், ஆட்டோக்காரர்கள், டீக்கடைக்காரர், எல்லோரும் வந்திருந்தார்கள். பரமசிவம் சார் புதிய விதியைப் படித்துவிட்டு, மறைக்காமல் சொன்னார்: "இது ஆபத்தான வேலை. சங்கு ஊதுறப்போ எல்லாரும் கீழ போவாங்க, இந்த ஆறு பேர் மேல நிப்பாங்க. குடும்பத்துல பேசிட்டுச் சொன்னாப் போதும். இன்னிக்கே சொல்ல வேண்டாம்."

யாரும் வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. கைகள் உயர்ந்துகொண்டே போயின. செந்தில்குமார் பெயர் எழுதிக்கொண்டு வந்தவர் பாதியில் என்னிடம் வந்து, "ஆறு பேர்தான் வேணும்னு சொல்லிட்டேனுங்க மேடம். யாரும் கையைக் கீழ எறக்க மாட்டேங்கறாங்க, என்னங்க பண்றது?" என்று கேட்டார். அவர் கையும் மேலேதான் இருந்தது.

கூட்டத்தின் பின்னால், இடுப்பு உயரத்தில் இன்னொரு கை தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். வண்டியில் உட்கார்ந்தபடி ஏழுமலை கையைத் தூக்கியிருந்தார். மல்லிகா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ கெடக்கறா, நீ எழுதிக்கோக்கா" என்றார். "நான் எப்பிடியும் கடைசியாத்தான் வருவேன். யாரு யாரு பாக்கி கீறாங்கன்னு பாத்துகினே வந்துடறேன்."

சிரிப்புச் சத்தத்தில் கார் நிறுத்துமிடம் அதிர்ந்தது. பரமசிவம் சார் மட்டும் சிரிக்கவில்லை. "எழுதிக்கங்க ரூபிம்மா" என்றார்.

எழுதிக்கொண்டேன்.